வழுவும் விடையும்: கட்டற்ற பணிசெயல் முறைமைக்கான தமிழ் உதவியெழுத்துக்கள் – ஒரு மதிப்பீடு

1

தமிழ் உரைநடையின் வளர்ச்சியை ஆராய்வோர் நாவல், சிறுகதை, கட்டுரை, திறனாய்வு ஆகியவற்றையே பெரும்பாலும் கருத்திற் கொள்வர். இயந்திரக் கைந்நூல், விவசாயத் துண்டுப்பிரசுரம், மருந்துக் குறிப்பு முதலிய பயன்பாட்டெழுத்துக்கள் இலக்கிய வரலாற்றின் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டுள்ளன. எனினும், ஒரு மொழி தன்னைப் பேசுவோரின் அன்றாடத் தொழிலுக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கின்றது என்பதை அளந்தறிய இத்தகைய எழுத்துக்களே தக்க சான்றாகும். இலக்கியத்தை அது தோன்றிய சமூகத் தளத்தோடு இணைத்து நோக்கவேண்டும் எனப் பேராசிரியர்கள் க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் வற்புறுத்தினர். அந்நோக்கு கவிதைக்கும் நாவலுக்கும் மட்டும் உரியதன்று. பயன்பாட்டெழுத்துக்கும் அது பொருந்தும்.

கடந்த கால் நூற்றாண்டில் தமிழிலே புதிய பயன்பாட்டெழுத்து வகையொன்று தோன்றியுள்ளது. லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட கட்டற்ற பணிசெயல் முறைமைகளைக் கணினியில் நிறுவுதல், இற்றைப்படுத்தல், அவற்றிலே தோன்றும் கோளாறுகளைத் தீர்த்தல் என்பன பற்றித் தன்னார்வலர் எழுதிவரும் உதவியெழுத்துக்களே அவை. ஊதியம் பெறாது, புகழையும் பெரிதாக எதிர்பாராது எழுதப்படும் இவை முறையான திறனாய்வுக்கு இதுவரை உட்படவில்லை எனலாம். நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்டவை என்ற காரணத்தால் அவற்றைக் குறைகூறாது விடுவது அவ்வெழுத்துக்கும் அதனை நம்பும் வாசகருக்கும் நன்மை பயப்பதாகாது.

இவ்விடயம் இன்று அவசரத் தன்மையும் பெற்றுள்ளது. விண்டோஸ் 10 பணிசெயல் முறைமைக்கான வழமையான பராமரிப்பை மைக்ரோசொஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்திக்கொண்டது. அதற்கடுத்த பதிப்பின் வன்பொருள் நிபந்தனைகளைப் பழைய கணினிகள் பல நிறைவு செய்யா. புதிய கணினி வாங்க இயலாத பாடசாலைக்கும் சிறு கடைக்கும் கட்டற்ற பணிசெயல் முறைமை தக்க மாற்றுவழியாகும். ஆனால் அம்மாற்றுவழியிலே செல்வோர் இடையில் வழிதவறின் தமிழிலே வழிகேட்க முடியுமா என்பது ஆராயற்பாலது.

எழுத்தை மதிப்பிட ஒரு வாசகர் வேண்டும். இங்கு அவ்வாசகரை மாங்குளத்திலே வைத்து நோக்குவது பொருத்தமாகும். யாழ்ப்பாணம் – கண்டி வீதியிலிருந்து கிழக்கே ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக்கும், மேற்கே மல்லாவி, துணுக்காய்ப் பகுதிக்கும் வழி பிரியும் சந்தி அது. 1990இல் தடைப்பட்ட புகையிரத சேவை 2013 செப்டெம்பரில் ஓமந்தையிலிருந்து கிளிநொச்சிவரை மீளத் தொடங்கியபோதே மாங்குளத்திற்கும் மீண்டது. வடக்கே கிளிநொச்சியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும், தெற்கே 2021இல் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்த வவுனியாப் பல்கலைக்கழகமும் உள்ளன. இவ்விரண்டிற்கும் இடையே வாழும் பாடசாலை ஆசிரியர் ஒருவரையோ, 'கொமியூனிக்கேசன்' எனப்படும் கடையொன்றை நடத்துபவரையோ கற்பனை செய்துகொள்ளலாம். அவருக்குத் தமிழ் நன்கு வரும். ஆங்கிலம் ஓரளவு எழுத்துக்கூட்டி வாசிக்கும் அளவில் உண்டு. கைத்தொலைபேசி வழியாகவே இணையத்தைப் பெறுகின்றார். நிபுணர் எவரும் பக்கத்தில் இல்லை. இவ்வாசகருக்குப் பயன்படும் எழுத்து எல்லோருக்கும் பயன்படும்; இவரைக் கைவிடும் எழுத்து, எத்துணை அழகாக இருப்பினும், தன் கடமையிற் தவறியதாகும்.

2

கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் வரலாறு பலரும் அறிந்ததே. 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் க்னூ திட்டத்தை அறிவித்தார். 1991இல் பின்லாந்து மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்னும் கருப்பகுதியை வெளியிட்டார். 1993இல் டெபியன் திட்டம் தொடங்கிற்று. 2004இல் அதனை அடியொற்றி உபுண்டு வெளிவந்தது. இலங்கையரின் முயற்சியால் ஃபெடோராவை அடிப்படையாகக் கொண்டு ஹந்தான லினக்ஸ் உருவாயிற்று. உபுண்டுவை வெளியிடும் நிறுவனம் 2011வரை உலகின் எப்பகுதியிலிருந்து கேட்போருக்கும் இறுவட்டுக்களை இலவசமாகத் தபாலில் அனுப்பி வந்தமை அதன் பரவலுக்குத் துணைநின்றது.

இவ்வரலாற்றிலே திறனாய்வாளர் கவனிக்கவேண்டியது மென்பொருளின் விலையின்மையை அன்று, உதவியின் ஒழுங்கமைப்பையே. வணிக மென்பொருளில் விற்போர், வாங்குவோர் என்ற உறவு உண்டு. கோளாறு நேரின் விற்றோரைக் கேட்கலாம். கட்டற்ற மென்பொருளில் அவ்வுறவு இல்லை. அவ்விடத்தைப் பயன்படுத்துவோர் ஒருவருக்கொருவர் அளிக்கும் உதவியே நிரப்புகின்றது. 1997இல் டெபியன் ஏற்றுக்கொண்ட சமூக ஒப்பந்தம் குறைகளை மறைக்காதிருத்தலை ஒரு கொள்கையாகவே கூறுகின்றது. அத்திட்டத்தின் வழுப் பதிவேடு எவரும் பார்க்கத்தக்கதாகத் திறந்து வைக்கப்பட்டுள்ளது. குறையை வெளிப்படையாக எழுதுதலும், எழுதப்பட்ட குறைக்கு இன்னொருவர் தீர்வெழுதுதலும் இப்பண்பாட்டின் உயிர்நாடி எனலாம். ஆகவே உதவியெழுத்து இம்மென்பொருளுக்குப் பின்னிணைப்பு அன்று, அதன் உறுப்பாகும்.

தமிழரின் பங்களிப்பு 2000ஆம் ஆண்டையொட்டித் தொடங்கிற்று. தமிழகத்தவரும் ஈழத்தவரும் புலம்பெயர்ந்தோருமாகப் பலர் சேர்ந்து கேடிஈ, க்னோம் ஆகிய மேசைத்தளச் சூழல்களின் சொற்றொடர்களைத் தமிழாக்கினர். 2012 முதல் வெளிவரும் 'கணியம்' இதழ் கட்டற்ற மென்பொருள் பற்றிய கட்டுரைகளை எளிய தமிழில் தொடர்ச்சியாகத் தந்து, நூல்களுக்கும் வழிவகுத்தது. தமிழக அரசு 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன், சீடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இணைக்கப்பட்டிருந்தது. தமிழகப் பதினோராம் வகுப்புக் கணினிப் பாடநூலில் உபுண்டு இடம்பெற்றுள்ளது. இவை யாவும் போற்றத்தக்க முயற்சிகளே.

எனினும் இம்முயற்சிகளைத் தொகுத்து நோக்குமிடத்து ஒரு சமனின்மை புலப்படும். மொழிபெயர்ப்புக்கும் அறிமுகத்திற்கும் செலவிடப்பட்ட உழைப்பு, பராமரிப்புக்கும் கோளாறு தீர்த்தலுக்கும் செலவிடப்படவில்லை. லினக்ஸ் என்றால் என்ன, அதனை எவ்வாறு நிறுவுவது என்பன பற்றித் தமிழில் மீண்டும் மீண்டும் எழுதப்பட்டுள்ளது. நிறுவி ஈராண்டு கழிந்தபின் இற்றைப்படுத்தல் பாதியில் நின்றால் என்செய்வது என்பது பற்றி அருகியே எழுதப்பட்டுள்ளது. தொடக்கத்தின் இலக்கியம் உண்டு; தொடர்ச்சியின் இலக்கியம் இல்லை. வன்னியின் வழக்கிற் கூறின், குளம் தோண்டியதைப் பாடியுள்ளனர். அலைகரையையும் துருசையும் ஆண்டுதோறும் பார்ப்பது எவ்வாறு என எழுதிவைக்கவில்லை.

3

கணினியியலில் நிரலிலுள்ள பிழையைக் குறிக்கத் தமிழ் ஆர்வலர் 'வழு' என்ற சொல்லைத் தெரிந்தெடுத்தனர். இது மிகப் பொருத்தமான தெரிவாகும். தமிழ் இலக்கணத்தில் வழு, வழாநிலை, வழுவமைதி என்ற மூன்று நிலைகள் பேசப்படுகின்றன. பிழை வழு, பிழையின்மை வழாநிலை, பிழையேயாயினும் காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. மூலப்பிழை திருத்தப்படும்வரை பயனர் கைக்கொள்ளும் தற்காலிக மாற்றுவழியினை வழுவமைதி என்று அழைப்பதில் தவறில்லை. நன்னூல் திணை, பால், இடம், பொழுது, வினா, விடை, மரபு என எழுவகை வழுக்களைக் கூறும். அவற்றுட் பொழுது, மரபு, வினா, விடை ஆகிய நான்கும் உதவியெழுத்துக்களின் குறைகளை வகைப்படுத்தவும் உதவுகின்றன. சொற்றொடருக்கு வகுத்த பாகுபாட்டை எழுத்துவகை ஒன்றிற்கு விரித்துரைப்பது சற்று வலிந்த முயற்சியாகத் தோன்றலாம். ஆயினும் குறைகளைத் தெளிவுறக் காட்ட அது உதவுமாதலின் ஈண்டு கைக்கொள்ளப்படுகின்றது.

முதலாவது கால வழுவாகும். பெரும்பாலான தமிழ் உதவியெழுத்துக்கள் எப்பதிப்பைக் கருத்திற் கொண்டு எழுதப்பட்டன என்பதைத் தெளிவாகக் கூறுவதில்லை. உபுண்டுவின் பதிப்புக்கள் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை வெளிவருகின்றன. அவற்றுள் ஈராண்டுக்கு ஒருமுறை வருவது நீண்டகாலப் பராமரிப்புப் பதிப்பு. அதற்கு ஐந்தாண்டு வழமையான பராமரிப்பு உண்டு. ஏனையவற்றிற்கு ஒன்பது மாதங்களே உண்டு. பராமரிப்பு முடிவுற்ற பதிப்பின் பொதிகள் வழமையான களஞ்சியத்திலிருந்து பழைய பதிப்புக்களுக்குரிய களஞ்சியத்திற்கு மாற்றப்படும். அதன்பின் பழைய கணினி தன் பொதிகளை வழமையான இடத்திலே தேடி, அவை அங்கில்லை என்ற பிழைச்செய்தியையே பெறும். இதனை அறியாத மாங்குளத்து வாசகர் இணைப்புப் பழுது என்று கருதித் தரவுப் பொதிக்குப் பணம் செலவிடுவார். இற்றைப்படுத்தல் பற்றிய எழுத்தே இற்றைப்படுத்தப்படாது கிடப்பது இவ்வகை எழுத்தின் முரண் ஆகும்.

பதிப்பியல் வரலாற்றை அறிந்தோருக்கு இக்குறை வியப்பைத் தரும். சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் ஏடுகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்த காலத்தில், எப்பதிப்பில் எப்பாடம் கொள்ளப்பட்டது என்பது அறிவு நேர்மையின் பகுதியாயிற்று. 1887இல் வெளிவந்த சீவகசிந்தாமணிப் பதிப்பு, பின்னர் கிடைத்த ஏடுகளைக் கொண்டு அடுத்த பதிப்புக்களில் திருத்தம் பெற்றது. ஒரு நூலின் பதிப்பு எதுவெனக் குறித்தல் அங்கு அழகுக்காக அன்று. வாசகர் எதனை நம்பலாம் என்பதைக் காட்டுவதற்காகவே. உதவியெழுத்தின் தலையில் எழுதிய திகதி, பதிப்பெண், சோதித்துப் பார்த்த கணினியின் வகை ஆகிய மூன்றையும் குறித்தல் அப்பதிப்பாசிரியர் மரபின் இயல்பான தொடர்ச்சியாகும்.

4

இரண்டாவது மரபு வழு. கலைச்சொல் பற்றிய விவாதங்கள் தமிழில் நிறையவே நிகழ்ந்துள்ளன. அவை பெரும்பாலும் சொல்லின் தூய்மை பற்றியனவாகவே அமைந்தன. உதவியெழுத்தில் எழும் வினா வேறு: அச்சொல் வாசகரைச் சரியான செயலுக்கு இட்டுச்செல்கின்றதா?

இலங்கைப் பாடநூல்கள் 'பணிசெயல் முறைமை' என்கின்றன. தமிழகப் பாடநூல்கள் 'இயக்க அமைப்பு' என்கின்றன. தன்னார்வலரின் எழுத்துக்களில் 'இயங்குதளம்' என்பதே பெருவழக்கு. மூன்றும் ஒரே பொருளைக் குறிப்பன, மூன்றும் ஏற்கத்தக்கன. ஆனால் பாடசாலையில் 'பணிசெயல் முறைமை' என்று கற்ற மாணவர் அச்சொல்லைக் கொண்டு தேடும்போது, 'இயங்குதளம்' என எழுதப்பட்ட நல்ல விளக்கம் அவர் கண்ணிற் படாது போகும். உதவி எழுதப்பட்டுள்ளது, எழுதப்பட்டது தமிழிலேயே, எனினும் தமிழ் வாசகரை அது அடையவில்லை. சொற்களை ஒருமைப்படுத்தும் வரை காத்திருப்பதைவிட, கட்டுரையின் தொடக்கத்தில் மூன்று வழக்குகளையும் ஒருமுறை குறிப்பிட்டுச் செல்வதே எளிய தீர்வாகும்.

இதனினும் ஆழமான குறை ஒன்றுண்டு. டெபியன், உபுண்டு வகைக் கணினிகளில் 'ஏப்ட்' என்னும் பொதி மேலாண்மைக் கருவி உள்ளது. அதில் 'அப்டேட்' என்ற கட்டளை களஞ்சியத்திலுள்ள பொதிகளின் பட்டியலை மட்டுமே புதிதாகப் பெறும். எந்த மென்பொருளையும் மாற்றாது. 'அப்கிரேட்' என்ற கட்டளையே நிறுவப்பட்டுள்ள பொதிகளின் புதிய வடிவங்களை இறக்கி நிறுவும். ஒரு பதிப்பிலிருந்து அடுத்த பதிப்புக்கு மாறுதல் மூன்றாவதான வேறொரு செயல். தமிழிலோ இற்றைப்படுத்தல், புதுப்பித்தல், மேம்படுத்தல் ஆகிய சொற்கள் இம்மூன்றிற்கும் மாறிமாறி வழங்கப்படுகின்றன. 'இற்றைப்படுத்தினேன், பிழை ஏதுமில்லை' என்று மனநிறைவு கொள்ளும் வாசகர் பட்டியலை மட்டும் பெற்றிருப்பார். பாதுகாப்புத் திருத்தம் ஒன்றும் அவர் கணினியிற் சேர்ந்திராது. ஆங்கிலச் சொற்களிலேயே இம்மயக்கம் ஓரளவு உண்டு. தமிழாக்கம் அதனைத் தெளிவாக்கும் வாய்ப்பைப் பெற்றிருந்தும் பயன்படுத்தவில்லை. 'பட்டியலை இற்றைப்படுத்தல்', 'பொதிகளைப் புதுப்பித்தல்', 'பதிப்பு மாறுதல்' எனச் செயப்படுபொருளையும் சேர்த்து எழுதினால் மயக்கம் நீங்கும். இங்கு வேண்டியது புதிய சொல் அன்று, முழுமையான சொற்றொடரே.

இடைமுகத் தமிழாக்கம் பற்றியும் ஒன்று கூறவேண்டும். கணினியின் மொழியைத் தமிழாக மாற்றிக்கொண்ட பயனருக்குப் பிழைச்செய்திகள் சில தமிழிலும் சில ஆங்கிலத்திலும் தோன்றும். தமிழிலே தோன்றிய செய்தியைக் கொண்டு தீர்வு தேடின் பெரும்பாலும் ஒன்றும் கிட்டாது. அச்செய்தியைப் பற்றித் தமிழில் எவரும் எழுதியிரார். ஆங்கிலச் செய்தியைக் கொண்டு தேடியிருப்பின் நூற்றுக்கணக்கான விளக்கங்கள் கிடைத்திருக்கும். எனவே அனுபவமுள்ளோர், 'மொழியை ஆங்கிலத்திற்கு மாற்றிவிட்டுச் செய்தியைப் படியுங்கள்' என்று அறிவுரை கூறுகின்றனர். அவ்வறிவுரை நடைமுறையிற் சரியானது. ஆனால் தமிழாக்க முயற்சியின் மீதான கடுமையான விமரிசனமும் அதுவே. பிழைச்செய்தியைத் தமிழாக்கி, அதற்கான விளக்கத்தைத் தமிழில் எழுதாது விடுதல், வாசகரை ஆங்கில உலகின் உதவியிலிருந்து துண்டித்துத் தமிழுலகின் மௌனத்தில் நிறுத்துவதாகும். மூலத்தை மொழிபெயர்த்தல் பாதிப் பணி. உரை எழுதுதலே மறுபாதி. உரையற்ற மொழிபெயர்ப்பு உதவியற்ற வாசகரையே உருவாக்குகின்றது.

5

மூன்றாவது வினா வழு. இது எழுத்தின் குறை என்பதைவிடச் சமூகத்தின் குறை எனலே பொருந்தும்.

எரிக் ரேமண்ட், ரிக் மோயன் ஆகியோர் 2001 அளவில் எழுதிய, கேள்விகளை அறிவோடு கேட்பது எவ்வாறு என்பது பற்றிய ஆங்கிலக் கட்டுரை கட்டற்ற மென்பொருள் உலகில் பெருஞ் செல்வாக்குப் பெற்றது. கேட்குமுன் தேடிப்பார்த்தல், பிழைச்செய்தியை உள்ளவாறே தருதல், செய்துபார்த்தவற்றைக் கூறுதல் முதலிய அதன் அறிவுரைகள் பயனுள்ளவையே. ஆயினும் அதன் தொனியில் தேர்ந்தோருக்கும் புதியோருக்கும் இடையே ஒரு படிநிலை உறுதிப்படுத்தப்படுகின்றது. கேட்போர் தம் தகுதியை முதலில் நிலைநாட்ட வேண்டியவராகின்றார்.

இப்படிநிலை தமிழ் மரபுக்கும் புதியதன்று. நன்னூலின் பொதுப்பாயிரம் மாணாக்கரை அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியவற்றோடு ஒப்பிட்டு முதல், இடை, கடை என வகுக்கும். பாடம் கேட்கத் தகாதவர் யாவர் என்ற பட்டியலும் அதிலுண்டு. கற்கும் வாய்ப்பே சிலருக்கு மட்டும் உரியதாயிருந்த சமூகத்தின் எழுத்து அது. அவ்வாறு தரம்பிரிக்கப்படும் அச்சம் இன்றும் மறையவில்லை. தெரியாமையை வெளிப்படுத்த நாணும் ஆசிரியர், 'இதுகூடத் தெரியாதா' என்ற ஏளனத்தை எதிர்பார்க்கும் கிராமத்து மாணவி, ஆங்கிலத்தில் கேட்டால்தான் மதிப்பர் என்று நினைக்கும் இளைஞர் ஆகியோர் கேளாமலே விட்டுவிடுகின்றனர். கேட்கப்படாத வினாவுக்கு விடை எழுதப்படுவதில்லை. விடையில்லாமையால் அடுத்தவரும் கேட்பதில்லை. தமிழில் உதவியெழுத்து வளராமைக்கு எழுதுவோர் குறைவு என்று கூறப்படும் காரணம் முழு உண்மையன்று. கேட்போருக்கு இடமளிக்காமையும் அதற்கிணையான காரணமாகும்.

அதே பாயிரம் இன்னொன்றையும் கூறுகின்றது. ஆசிரியர் கூறியதை நன்கு மனங்கொண்டாலும் மாணாக்கர் பெறுவது காற்பங்கே. உடன்பயில்வோரோடு பழகுதலால் மற்றொரு காற்பங்கு கிட்டும். பிறருக்கு எடுத்துரைக்கும்போதே எஞ்சிய இருகாலும் நிறைவுபெறும் என்பது அதன் கருத்து. கட்டற்ற மென்பொருட் சமூகத்தின் உதவி ஒழுங்கை இதனினும் சுருக்கமாக விளக்கல் அரிது. விடை கூறுவோர் கொடை செய்பவர் அல்லர். தம் கல்வியின் பாதியைப் பெற்றுக்கொள்பவர். மாணாக்கரைத் தரம்பிரிக்கும் பகுதியை விடுத்து இப்பகுதியைக் கொள்வதே மரபைத் திறனாய்வோடு ஏற்கும் முறையாகும்.

6

நான்காவது விடை வழு. உதவியெழுத்தின் தரம் இறுதியில் அதன் விடையிலேயே தங்கியுள்ளது. ஒரு எடுத்துக்காட்டை விரிவாக நோக்கலாம்.

கணினியைத் திறந்தவுடன் பயனர் ஒரு மென்பொருளை நிறுவ முற்படுகின்றார். பொதித் தரவுத்தளம் பூட்டப்பட்டுள்ளது என்ற செய்தி தோன்றுகின்றது. பல உதவியெழுத்துக்கள் இதற்குத் தரும் விடை, பூட்டுக் கோப்பை அழித்துவிடுக என்ற ஒற்றைக் கட்டளையே. கட்டளையை இட்டதும் செய்தி மறைந்துவிடுமாதலின் விடை சரியெனவே தோன்றும். உண்மையில் அவ்வேளை பின்னணியில் தன்னியக்க இற்றைப்படுத்தல் நடைபெற்றுக்கொண்டிருந்திருக்கலாம். ஒரே தரவுத்தளத்தை இரு செயல்கள் ஒருங்கே எழுதாதிருக்கவே அப்பூட்டு இடப்பட்டது. அதனை அழித்துத் தொடர்ந்தால் பொதித் தரவுத்தளம் சிதைவுறக்கூடும். சில நிமிடங்கள் காத்திருத்தலே சரியான விடை. நெடுநேரம் கழிந்தும் பூட்டு நீங்காவிடின் எச்செயல் அதனைப் பிடித்துள்ளது என்று ஆராய்தல் அடுத்த படி.

இன்னொரு எடுத்துக்காட்டு வன்னிச் சூழலுக்கு இன்னும் நெருக்கமானது. பொதிகள் நிறுவப்பட்டுக்கொண்டிருக்கையில் மின்சாரம் தடைப்படுகின்றது. கணினி மீண்டதும், 'டிபிகேஜி' என்னும் அடிப்படைக் கருவி இடையில் நிறுத்தப்பட்டது என்றும், அதனைச் சீராக்க இன்ன கட்டளையை இடுக என்றும் ஒரு செய்தி தோன்றும். நோய் இதுவென்றும் மருந்து இதுவென்றும் அச்செய்தியே கூறிவிடுகின்றது. ஆனால் அது ஆங்கிலத்தில் உள்ளது. பயனருக்கு அது வெறும் அச்சுறுத்தலாகவே படுகின்றது. அவர் பணிசெயல் முறைமை முழுவதையும் அழித்து மீள நிறுவுகின்றார். சேமித்துவைத்த பரீட்சைத் தாள்களும் மாணவர் புள்ளிகளும் அதனோடு அழிகின்றன. தமிழில் நான்கு வரி விளக்கம் இருந்திருப்பின் இவ்விழப்பு நேர்ந்திராது. உதவியெழுத்தின் பெறுமதி இத்தகைய இடங்களிலேயே வெளிப்படுகின்றது.

நன்னூல் எண்வகை விடைகளைக் கூறும். அவற்றுள் ஏவல், உற்றதுரைத்தல், உறுவது கூறல் ஆகிய மூன்றும் ஈண்டு கருதத்தக்கன. 'இக்கட்டளையை இடுக' என்பதும் 'கைந்நூலைப் படித்துப் பார்' என்பதும் ஏவல். 'என் கணினியிலும் இவ்வாறு நேர்ந்தது' என்பது உற்றதுரைத்தல். 'இதனைச் செய்யின் இது நேரும்' என்பது உறுவது கூறல். தமிழ் உதவியெழுத்துக்களில் ஏவல் மிகுதி; உற்றதுரைத்தல் ஓரளவு உண்டு; உறுவது கூறல் மிகக் குறைவு. காரணமும் விளைவும் கூறாத விடை வாசகரை ஒரு தடையிலிருந்து மீட்கும். அடுத்த தடையில் அவரை மீண்டும் அதே நிலையில் நிறுத்தும்.

விடை எவ்வாறு அமையவேண்டும் என்பதற்கும் முன்மாதிரி தேடி நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. கருத்து, பதப்பொருள், உதாரணம், வினா, விடை ஆகிய ஐந்தையும் கொண்டது காண்டிகையுரை. ஆறுமுக நாவலர் நன்னூலுக்கு எழுதிய காண்டிகையுரை பல தலைமுறை மாணவருக்கு ஆசிரியராய் நின்றது. அவ்வுரைமுறையை உதவியெழுத்துக்குப் பொருத்திப் பார்க்கலாம். கோளாறு யாது என்பதைக் கூறல் கருத்து. பிழைச்செய்தியை ஆங்கிலத்தில் உள்ளவாறே தந்து சொற்பொருள் விளக்கல் பதப்பொருள். கட்டளையையும் அது தரும் வெளியீட்டையும் காட்டல் உதாரணம். 'இதனைச் செய்யின் என் கோப்புக்கள் அழியுமா?' என வாசகர் மனத்தில் எழக்கூடிய ஐயத்தைத் தானே எழுப்பல் வினா. அதற்குக் காரணத்தோடு மறுமொழி தரல் விடை. தமிழில் வெளிவந்துள்ள நல்ல உதவியெழுத்துக்கள் இவ்வைந்தனுள் மூன்றையேனும் கொண்டிருக்கின்றன. தவறியவை உதாரணத்தை மட்டும் தந்து அமைகின்றன.

7

எழுத்து மட்டும் போதுமா என்ற வினா எஞ்சுகின்றது. கேரளத்தின் அனுபவம் இங்கு நோக்கற்பாலது. அங்கு பாடசாலைகளில் கட்டற்ற பணிசெயல் முறைமை நிலைபெற்றமைக்கு மென்பொருளின் தரம் மட்டும் காரணமன்று. ஆசிரியர்களிலிருந்தே பயிற்றுநர்களைத் தெரிந்து, பாடசாலைகளுக்கு அருகிலேயே உதவி கிடைக்கும் ஒழுங்கு அமைக்கப்பட்டது. தமிழகத்து மடிக்கணினித் திட்டத்தை இதனோடு ஒப்பிடுவோர், கருவியை வழங்குதல் வேறு, அக்கருவிக்குரிய உதவிச் சமூகத்தை வளர்த்தல் வேறு என்பதை உணர்வர்.

வன்னியைப் பொறுத்தவரை இத்தகைய சமூகத்திற்கான அடித்தளம் இல்லாமலில்லை. பொருளாதாரத் தடை நிலவிய 1990களில் துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டதும், மண்ணெண்ணெயில் வாகனங்களை ஓட்டியதும் பலரும் அறிந்த செய்திகள். உற்பத்தியாளரின் உதவியின்றி, உதிரிப்பாகமுமின்றி, ஒருவர் கண்டறிந்த வழியை மற்றவர் பார்த்துப் பின்பற்றிய காலம் அது. கட்டற்ற மென்பொருளின் பண்பாடும் இதுவே. ஆனால் அத்திருத்தற்கலை வாய்மொழியாகவே வழங்கிற்று. அதன் நுட்பங்கள் எழுத்துக்கு வராமையால் அக்காலத்தோடு பெரும்பகுதி மறைந்தது. வறுமையையும் இழப்பையும் புகழ்ந்துரைப்பது இங்கு நோக்கமன்று. கண்டறிந்ததை எழுதிவைக்காத சமூகம் ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலிருந்தே தொடங்கவேண்டியிருக்கும் என்பதே அதிலிருந்து பெறத்தக்க பாடம்.

தொழினுட்பமும் இடையூறாக இல்லை. இந்தியரான ரித்தேஷ் ராஜ் சராஃப் உருவாக்கிய 'ஏப்ட்-ஆஃப்லைன்' என்னும் கருவி, இணைப்பில்லாத கணினிக்கு எப்பொதிகள் தேவை என்பதைக் குறிப்பெடுத்து, இணைப்புள்ள வேறொரு கணினியில் அவற்றை இறக்கி, விரலி நினைவகத்திற் கொண்டுவந்து நிறுவ வழிசெய்கின்றது. கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ பயிலும் மாணவர் ஒருவர் வார இறுதியில் ஊர் திரும்பும்போது ஒரு பாடசாலையின் கணினிகளுக்கான இற்றைப்பொதிகளைப் பையிற் கொண்டுவரலாம். தமிழில் விளக்கப்படின் இத்தகைய கருவி இணைப்புக் குறைந்த சிற்றூர்களுக்குப் பெரிதும் பயன்தரும்.

பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகளுக்கும் தமிழ்ச் சங்கங்களுக்கும் இவ்விடத்தில் ஒரு பொறுப்புண்டு. உதவியெழுத்து கணினித் துறையினரின் வேலை என்று ஒதுக்கிவிடின் மரபு வழுவும் விடை வழுவும் நீங்கா. கணினி மாணவர் செயலின் உண்மையைச் சோதிப்பார். தமிழ் மாணவர் சொற்றொடரின் தெளிவைச் சோதிப்பார். இருவரும் சேர்ந்து, மிகுதியாக நேரும் இருபது கோளாறுகளைத் தெரிந்து, ஒவ்வொன்றுக்கும் திகதியும் பதிப்பெண்ணும் குறித்துக் காண்டிகை முறையில் உரை எழுதலாம். எழுதியதை வன்னிப் பாடசாலை ஒன்றின் ஆசிரியரிடம் கொடுத்து, அவர் தனித்திருந்து பின்பற்ற முடிகின்றதா என்று பார்த்துத் திருத்தலாம். ஆண்டுதோறும் அடுத்த தொகுதி மாணவர் அதனை மீளச் சோதித்து இற்றைப்படுத்தலாம். வயலுக்கு நீர் பங்கிடும் பொறுப்பை வட்டவிதானையிடம் ஒப்படைத்துக் குளத்தைக் காத்த சமூகத்திற்கு முறைவைத்துப் பராமரித்தல் புதிதன்று.

தமிழிலுள்ள உதவியெழுத்துக்கள் தன்னலமற்ற உழைப்பின் விளைவுகள். அவ்வுழைப்பின்றி இம்மதிப்பீட்டுக்கும் இடமிருந்திராது. காலத்தைக் குறிக்காமை, சொல்லின் செயப்பாட்டைத் தெளிவுறுத்தாமை, கேட்போரை அஞ்சவைத்தல், காரணம் கூறாது விடை தரல் ஆகிய நான்கு வழுக்களும் திருத்தத்தக்கவை. திருத்துவதற்குப் பெரும்பொருளும் வேண்டியதில்லை. மின்சாரம் தடைப்பட்டு மீண்ட மாலையொன்றில், திரையிலுள்ள செய்தியைப் புரிந்துகொள்ளாது அழிப்பதற்கு விரலை வைத்திருக்கும் ஆசிரியருக்கு வேண்டிய நான்கு வரிகளை எழுதுவோர் எவர் என்பதே எஞ்சும் வினா. நன்னூலின் கணக்கின்படி, அவ்வரிகளை எழுதுபவர் தம் கல்வியின் மறுபாதியையும் பெறுவார்.